மடுவின் கரையில் ஒரு சாட்சி மேடு

வரைபடத்தில் அந்த ஓடைக்கு வளைவுகள் நான்கு. நான் நடந்து எண்ணியபோது பத்தொன்பது. மேலிடத்துக்கு எழுதினேன். நான்கு என்பதையே வைத்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. ஓய்வு பெற்று இத்தனை காலம் கழித்தும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குக் காப்பி இறங்குவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டை என்று தனி மாவட்டம் அப்போது கிடையாது. மணமேல்குடிப் பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. ஊராட்சி ஒன்றியம் புதிதாக வந்திருந்தது. நான் அதில் ஓவர்சியர். வயது இருபத்தாறு. சைக்கிள் என்னுடையது, அளக்கும் டேப் சர்க்காருடையது. டேப்பில் முதல் மூன்று அங்குலம் கிழிந்திருந்ததால் ஒவ்வொரு முறையும் மூன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதையும் எழுதிக் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

ஓடை ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து. மணல் ஏறி, நாணல் மண்டி, பல இடங்களில் ஓடை எது வயல் எது என்று தெரியாமல் கிடந்தது. மூன்று வருஷமாகக் கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை. ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்ததில் தப்பே இல்லை. ஓடையைத் தோண்டிச் சீராக்க உத்தரவு வந்தது. வேலை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மறுபடி எழுதுகிறேன்: வேலை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிற்பாடு நான் ஏதோ தண்ணீருக்கு விரோதி என்று அரசல் புரசலாகப் பேசினார்கள். அதற்காகத்தான் இரண்டு முறை.

சங்கடம் பதினான்காவது வளைவில் இருந்தது. அங்கே ஓடை மேற்கே குடைந்து ஒரு மடுவை உண்டாக்கியிருந்தது. நீளம் என் தப்படியில் ஐம்பத்தெட்டு. அகலம் இருபத்தொன்று. கரையில் ஐந்து புங்கமரம், ஒரு நாவல். அவற்றின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கும். ஓடை முழுக்கப் பங்குனியில் மணலாகக் காய்ந்தாலும் அந்த மடுவில் மட்டும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். புது வாய்க்காலுக்கு வரைபடத்தில் போட்டிருந்த நேர்கோடு மடுவைத் தொடாமல் அதன் கிழக்கே போயிற்று. தோண்டும் மண்ணையும், நடுவே இருக்கும் பழைய கரையையும் அள்ளிக் கொட்டி மடுவைத் தூர்த்துவிட வேண்டும் என்பது திட்டம்.

முளைக்குச்சி அடிக்க நான் போன முதல் நாளே ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டிய வயது. தலையில் சும்மாட்டுத் துணி, இடுப்பில் மூங்கில் கூடை. ஓடையிலும் கண்மாயிலும் ஊத்தா போட்டு மீன் பிடித்துச் சுற்றியுள்ள ஊர்களில் விற்கிறவள். ஊத்தா என்பது வாய் அகன்ற, அடியில்லாத கூடை; சேற்றில் அமுக்கி, மேலே கைவிட்டு மீனை எடுப்பார்கள். புருஷன் இல்லை. இரண்டு பெண்களை அந்தக் கூடையை வைத்தே கட்டிக் கொடுத்தவள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓவர்சியரய்யா, குச்சிய எங்கிட்டு அடிக்கிறீங்க?"

"படத்தில் உள்ள இடத்தில்."

"படத்துல வெரா இருக்கா?"

விரால் இல்லை என்றேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி ஒரே நாளில் மீனை அழித்துவிடும்; குஞ்சு குளுவான்கூட மிஞ்சாது. ஆனால் மாசி பிறந்தால் முதல் மழை வரை மடுவில் யாரும் வலையோ ஊத்தாவோ போடக் கூடாது என்பது ஊர்க் கட்டு. மழை வந்ததும் மடுவிலிருக்கும் தாய் விரால்கள் ஓடைக்கு ஏறி, கோரைக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் தண்ணீரோடு கண்மாய்க்கு இறங்கும். "மடுவ மூடிட்டீங்கன்னா அடுத்த வருசம் கம்மாயில தவளதான்யா. நா தவளைய கூவி விக்கவா?"

யாரோ சொன்னதை அப்படியே நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை. விரால் தண்ணீருக்குள் மட்டும் மூச்சு விட்டால் போதாமல் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஒரு விராலை அண்டாவில் விடச் சொல்லி, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஆறு தடவை வந்தது. அடுத்த நாள் காலை மடுக்கரையில் அதே ஒரு மணி நேரம். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. ஆறால் வகுத்தால் ஐம்பத்திரண்டு விரால். அக்கா சொன்னதில் பொய் இல்லை. கரையின் செங்குத்துச் சுவரில் மீன்கொத்தி போட்ட பொந்துகள் மூன்று, அவற்றில் ஒன்றில் பாம்புச்சட்டை. நாவல் மரத்தில் கொக்குக் கூடு பதினேழு. ஆமைகள் நான் எண்ணி முடிப்பதற்குள் தண்ணீருக்குள் விழுந்துவிட்டன. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மூன்று பக்கத்துக்கு எழுதினேன். மடுவை விட்டுவிட்டு வேலையை முடிக்கலாம். கூடுதல் செலவு இல்லை. மண்ணைக் கிழக்குப் பக்கம் கொட்டினால் போதும். மேலதிகாரி ஜீப்பில் வந்தார். மணலில் சக்கரம் புதையும் என்று ஓடைக்கு நூற்றறுபது தப்படி தூரத்தில் நிறுத்திவிட்டார். இறங்கவில்லை.

"மீனு எஸ்டிமேட்டுல எந்த ஐட்டம்யா?"

"எந்த ஐட்டத்திலும் இல்லை சார்."

"அப்ப மீனு இல்ல." வரைபடத்தை மடித்தார். "கோடு நேரா இருக்கணும். வளைஞ்சு வளைஞ்சு வர்றதுக்குத் தண்ணி என்ன தேரா?"

ஜீப் போனபிறகு நாணலுக்குள்ளிருந்து அக்கா எழுந்து வந்தாள். "எறங்கவே இல்லையே. காலுல மருதாணியா வச்சிருக்காரு?"

சரி, ஊர்க்காரர்களிடம் சொல்லலாம் என்று போனேன். ஊர்த் தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அந்தக் கண்மாயின் விராலை ஊரில் யாரையும்விட அதிகமாகச் சாப்பிட்டவர் அவர்தான். உடம்பைப் பார்த்தாலே தெரியும். அவர் சொன்னார்: "தம்பி, தண்ணி வந்தா மீனு தானா வரும். மொதல்ல தண்ணிக்கு வழியப் பாருங்க."

"எங்கேயிருந்து வரும்?"

"தண்ணியிலருந்துதான்."

கூட்டத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு பேரும் தலையாட்டினார்கள். மாசி முதல் மடுவில் ஊத்தா போட்டவனுக்கு ஊர்க்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வைத்தவர்களும் இதே பதினொரு பேர்தான். எதற்கு அந்தக் கட்டு என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. கட்டு மட்டும் ஞாபகமிருந்தது.

நான் விடாமல் பேசியதில் அம்பலம் ஒரு வழி சொன்னார். மீனைப் பிடித்து வேறு தண்ணீரில் விட்டுவைப்போம், வேலை முடிந்து மழை வந்ததும் திருப்பி ஓடையில் விடுவோம். நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு இடம் இருந்தது. வடக்கே ஒரு தோட்டத்துக் கிணறு: மடுவிலிருந்து ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி. தெற்கே கோயில் குளம்: அறுநூற்றுப் பத்து. வெயிலில் அண்டாவைச் சுமந்துகொண்டு போக வேண்டும். நான் கோயில் குளம் என்றேன்; அதுதான் பாதுகாப்பான இடம் என்று மற்றவர்களும் சொன்னார்கள்.

"கோயில் கொளத்துலயா?" என்று அக்கா கேட்டாள். "அங்கிட்டுப் போனது திரும்புமாய்யா?"

"பாதி தூரம் அக்கா. மீனுக்கு நல்லது."

அவள் பேச்சை அதோடு விட்டுச் சாக்கை நனைக்கப் போனாள். பேசியிருக்கலாம். அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு விரால்களைப் பிடித்து, அண்டா வாயை ஈரச் சாக்கால் கட்டி, இரண்டிரண்டாகக் கொண்டுபோய் விட்டோம். எல்லாம் பெரிய மீன்கள், முழங்கை நீளத்துக்குக் குறையாதவை. ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த ஒரு மாலை நான் நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் காலையில் மீதியைக் கொண்டுபோகும்போது பூசாரி படித்துறையில் நின்றார். கையில் பொரிப் பொட்டலம்.

"வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்கிறோம்" என்று நான் மரியாதைக்குச் சொல்லிவைத்தேன்.

"எடுக்கிறதா? எதை?"

"விராலை."

பூசாரி சிரித்தார். "சாமி தண்ணியில விட்டது சாமி சொத்துங்க. அதுல கை வைக்க ஒங்களுக்கும் உரிமையில்ல, எனக்கும் இல்ல."

நான் கூட வந்திருந்த அம்பலத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார். அந்தக் குளத்தில் மீன் பிடிப்பதில்லை என்பது பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும். கூட வந்த எல்லாருக்கும் தெரியும். பாதுகாப்பான இடம் என்று அவர்கள் சொன்னதும் அதனால்தான். திருப்பி எடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. நானும் அந்தக் குளத்து மீன்களுக்குப் பொரி தூவியவன்தானே, எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் தப்படியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு இலைப் பொட்டலத்தில், செவ்வரளி ஒன்றில். வெள்ளை வந்தால் மீனை எடுத்துக்கொள்ளலாம். பூசாரியின் பேத்தி எடுத்தாள். செவ்வரளி.

"ஒரே தடவைதானா?" என்று கேட்டேன். மூன்று தடவையாவது பார்த்தால்தானே சராசரி தெரியும் என்ற எண்ணத்தில் கேட்டது. அம்பலம் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

"பதினாலு தாய் மீனு," என்றாள் அக்கா. "சாமிக்கு வெரா கொழம்பு புடிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

மிச்சம் முப்பத்தெட்டு. அன்றைக்குக் கொண்டுவந்த அண்டாவிலிருந்தவற்றைத் திரும்ப மடுவிலேயே விட்டோம். இனி நகர்த்துவது இல்லை என்று தீர்மானித்தேன். ஆனால் மண் வேலை அதற்குள் பன்னிரண்டாவது வளைவுக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வளைவு. நாளொன்றுக்கு எண்பது அடி போகிறார்கள். எனக்கு ஒன்பது நாள் இருந்தது.

மடுவில் அவர்களுடைய தொந்தரவு வேறு. மண் வெட்டும் கூட்டத்தில் அறுபத்து மூன்று பேர். மடுத் தண்ணீரில் மண்வெட்டி கழுவாதே என்றேன், கழுவினார்கள். கரையை மிதித்து மண்ணைச் சரிக்காதே என்றேன், சரித்தார்கள். தண்ணீர் கலங்கினால் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். ஒரு மதியம் யாரோ கள்ளிக்கொம்பை ஒடித்து அதன் பாலைத் தண்ணீரில் விட்டுவிட்டான். கள்ளிப்பாலுக்கு மீன் மயங்கி மிதக்கும், கையால் அள்ளலாம். நல்லவேளை ஓரமாக விட்டிருந்தான். முப்பத்தோரு கெண்டையும் நான்கு ஆராலும் செத்தன. விரால் எதுவும் மிதக்கவில்லை. மறுநாள் காலையில் மூச்சு எண்ணி ஆறால் வகுத்துப் பார்த்தேன்: முப்பத்தேழு வந்தது. ஒன்று குறைந்தது. மேஸ்திரியின் தூக்குச்சட்டியைப் பார்த்தேன். அவர் மூடியைப் போட்டு மூடினார்.

மேஸ்திரி கெட்டவர் அல்ல. வாய் நிறைய வெற்றிலை, தொழிலில் கறார். அன்று அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில், பின்னால் விட்டு வந்த சாட்சி மேடுகளைச் சரிபார்க்கிறேன் என்று கிளம்பினேன். மண் வெட்டும்போது நூறு அடிக்கு ஒரு இடத்தில் பழைய தரையை வெட்டாமல் சிறு திட்டாக விட்டுவிட வேண்டும். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று மேலதிகாரி வந்து அளந்து பார்க்க அதுதான் சாட்சி. அளந்த பிறகே அதைச் சரிக்கலாம். ஒரு மேட்டின் தலையில் புது மண் வைத்து உயரத்தைக் கூட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன்.

மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், என்ன வேணா சொல்லுங்க. சாட்சிய மட்டும் தொட்டேன்னு சொல்லாதீங்க. பெரிய ஐயா வந்து அளக்காம எங்க ஆளு ஒருத்தன் அதுல எச்சிகூடத் துப்ப மாட்டான்."

"பெரிய ஐயா வரவே இல்லை என்றால்?"

"வராட்டி அது பாட்டுக்கு நிக்கும். நமக்கென்ன?"

நான் நிமிர்ந்தேன். சாட்சி மேட்டுக்கு மூன்று அடி அகலம் என்று வழக்கம் இருக்கிறதே தவிர, அதற்கு மேல் போகக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அறைக்குப் போய்ப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பதினான்காவது வளைவுக்கு வேலை வந்தபோது, நான் நாலு முளைக்குச்சியும் கயிறுமாகத் தயாராக இருந்தேன். மடுவுக்கும் புது வாய்க்காலுக்கும் நடுவே இருந்த பழைய கரை முழுவதையும் கயிற்றுக்குள் அடைத்தேன். நீளம் நாற்பத்து மூன்று தப்படி.

"இது என்ன சார்?"

"சாட்சி மேடு."

மேஸ்திரி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். புங்கமரங்களைப் பார்த்தார். "மரத்தோடவா?"

"மரத்தோட."

"இம்புட்டுப் பெரிய சாட்சிய நா பாத்ததில்ல சார்."

"பெரிய வளைவு. பெரிய சாட்சி. மண் எல்லாம் கிழக்கே. இந்தக் கோடியில் மட்டும் நாலு தப்படி வெட்டி வாய்க்காலோடு மடுவைச் சேர்த்துவிடுங்கள்."

அவர் வெற்றிலையைத் துப்பினார், கயிற்றுக்கு வெளியே. பிறகு ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏலே, இது சாட்சி. எவனும் அங்கிட்டுக் கால வைக்காதீக."

நான் பதினைந்து நாளாகத் தொண்டை கிழியச் சொல்லி நடக்காதது அந்த ஒரு சொல்லில் நடந்தது. அதற்குப் பிறகு அறுபத்து மூன்று பேரில் ஒருவன்கூடக் கரையை மிதிக்கவில்லை. மண்வெட்டி கழுவத் தோட்டத்துக் கிணறு வரை நடந்துபோனார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரால், கொக்கு, ஊர்ச் சோறு என்று நான் சொன்ன காரணங்கள் ஏழு. ஏழையும் கேட்காதவர்கள் கயிற்றுக்குக் கட்டுப்பட்டார்கள்.

அளவுப் புத்தகத்தில் எழுதினேன்: பதினான்காவது வளைவில் சாட்சி மேடு ஒன்று, மேலதிகாரி அளந்த பின் சரித்து, மடு தூர்க்கப்படும். ஒரு வரிகூடப் பொய் இல்லை. மேலதிகாரி வருவாரா என்று பயந்துகொண்டு இருபத்திரண்டு நாள் இருந்தேன். இரண்டு முறை வந்தார். அதே நூற்றறுபது தப்படி தூரத்தில் நின்றார். "கோடு நேராப் போகுதா?" என்றார். நேராகத்தான் போயிற்று. "சாட்சியெல்லாம் விட்டிருக்கியா?" விட்டிருக்கிறேன் என்றேன். மூன்றாவது முறை வருவதற்குள் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் கோப்பில் இருந்த அளவையே போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. புது வாய்க்காலில் தண்ணீர் நேராக ஓடியது, கண்மாய் ஆறு நாளில் நிரம்பியது. மடுவுக்குள் கோடி வழியாகத் தண்ணீர் எதிர்த்து ஏறியது. மழை ஓய்ந்த ஒரு நாள் அக்கா ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தேன். கோரைக்கு நடுவே, செங்கல் பொடியைத் தண்ணீரில் தூவினாற்போல் சிவப்பாக விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயும் தகப்பனும் காவல். அப்படி ஐந்து கூட்டம் எண்ணினேன்.

"எண்ணாதீங்கய்யா," என்றாள் அக்கா. "கண்ணு பட்டுரும்."

"எண்ணாவிட்டால் அடுத்த வருஷம் குறைந்ததா கூடியதா என்று எப்படித் தெரியும்?"

"என் கூடைக்குத் தெரியும்."

அதற்கடுத்த கோடையில் கண்மாயில் ஊரே மீன் பிடித்தது. அன்று மத்தியானம் அம்பலமே என் அறைக்கு வந்தார். பனையோலையில் கோத்த இரண்டு விரால். கருப்பாக, கனமாக. "பாத்தீங்களா தம்பி, நாஞ் சொன்னேன்ல. தண்ணி வந்துச்சு, மீனு வந்துச்சு." விராலை வாங்கிக்கொண்டேன். என் மனைவி வைத்த குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அங்கிருந்து எனக்கும் மாற்றல் வந்தது. அறுபதுகள் முடியும்முன் மறுபடி மாற்றலாகி, அந்தப் பக்கத்திலேயே உள்ள அறந்தாங்கிக்கு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குனி வெயிலில், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். நேர்கோட்டு வாய்க்கால் இரண்டு இடத்தில் மணல் ஏறித் தானே வளையத் தொடங்கியிருந்தது. எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு என்பதை மறைக்கவில்லை. மடு இருந்தது. புங்கமரம் ஐந்தில் நான்கு. ஒன்றை யாரோ விறகுக்கு வெட்டியிருக்கிறார்கள். மீன்கொத்திப் பொந்து மூன்றே. கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். இருநூற்றுப் பத்து மூச்சு. முப்பத்தைந்து விரால். ஐம்பத்திரண்டுக்கு இது குறைவுதான். கோயில் குளத்துப் பதினான்கைக் கூட்டினாலும் நாற்பத்தொன்பதுதான் ஆகிறது. அந்தப் பதினான்கும் இப்போது பதினான்காக இருக்காது, வம்சம் பெருகிச் சாமி செலவில் பொரி தின்றுகொண்டிருக்கும்.

எழுந்து மேட்டின் மேலேறி நீளத்தைத் தப்படி போட்டேன். பத்தொன்பதோ இருபதோ வந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது. கட்டுமாவடியிலிருந்து கடல் மீன் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர். சைக்கிளின் பின்னால் பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது.

"யாருங்க அது, அங்கிட்டு மிதிக்காதீங்க. அது கவர்மெண்டு சாட்சி மேடு."

"தெரியும்" என்றேன். "எதற்குச் சாட்சி?"

"அதெல்லாம் தெரியாதுங்க. பெரிய ஆபீசரு வந்து அளக்கிற வரைக்கும் தொடக் கூடாதாம். எங்க ஊருல யாரும் தொட மாட்டோம்."

"எப்போது வருவாராம்?"

"வருவாருங்க," என்று சொல்லிவிட்டு, நான் இறங்கும் வரை அங்கேயே நின்றார். நான் இறங்கினேன். அவர் போன பிறகு, முதலிலிருந்து எண்ண மறுபடி ஏறினேன்.